தையல் போட்ட பாடங்கள்

மற்ற வீடுகளில் சத்தம் அதிகமாகிச் சண்டை வரும். அந்த மாடி வீட்டில் சத்தமே இல்லாமல் போய், அதனால் சண்டை வந்தது.

நீளமான கூடம் ஒன்று, அதை ஒட்டி இரண்டு அறைகள், பின்னால் சமையலறை. கூடத்து ஜன்னலோரத்தில் அண்ணியின் தையல் மெஷின். அண்ணி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் ஊறிவிட்டு வருவதால் வீட்டிலும் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவான். அம்மாவுக்கு முழங்கால் வலி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே காய் நறுக்கி, உட்கார்ந்தபடியே கடவுளைக் கும்பிடுவாள். நாலாவது ஆள்தான் அண்ணனின் தங்கை.

அவள் மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். இஸ்திரி உருளையிலிருந்து சுடச்சுட வந்து விழும் விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. ஓரத்தோடு ஓரம் சேர்ந்து, மூலையோடு மூலை பொருந்தி, அவள் அடுக்கு செங்கல் சுவர் மாதிரி நிற்கும். அதனால் அங்கே அவளுக்கு ‘மடிப்பு’ என்றே பெயர். வீட்டில் ‘பாப்பா’. முப்பத்தைந்து தாண்டின பாப்பா உலகத்திலேயே இவள் ஒருத்திதான் என்று அண்ணி சிரிப்பாள். ஆனால் வாயில் வேறு பெயர் வராது.

அவளுக்கு இருப்பது ஆட்டிசம் என்று போன வருஷம்தான் ஒரு டாக்டர் சொன்னார். அம்மா அழுதாள். முப்பது வயசுக்கு மேலயா ஒருத்திக்கு இது வரும் என்று அண்ணன் கேட்டான். அவள் மட்டும் அழவில்லை. “வரல. இருந்துச்சு. இப்பத்தான் பேர் தெரிஞ்சுது” என்றாள். வீடு திரும்பும் வழியெல்லாம், தொலைத்த சாவி சட்டைப்பைக்குள்ளேயே கிடைத்தவள் மாதிரி இருந்தாள்.

சோதனை வேறு பக்கத்திலிருந்து வந்தது. சலவைக்கூடத்துக்கு மடிக்கும் இயந்திரம் வரப்போகிறது, கையால் மடிக்கும் மேஜைகளை எடுத்துவிடுவார்கள் என்று மேற்பார்வையாளர் சொன்னார். மேஜையில் மடிக்கிறவர்கள் முன்பக்கத்துக் கவுண்டருக்குப் போகலாம். இல்லாவிட்டால் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, அறுவைக்கூடத் துணிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் அறைக்குப் போகலாம்.

கவுண்டர் என்றால் இரண்டு தொலைபேசி, ஒரு மணி, லாரிக்காரர்களின் கூச்சல், எல்லாம் ஒரே நேரத்தில். யாரோ லீவு போட்ட ஒரு நாள் மடிப்பை அங்கே நிற்க வைத்தார்கள். மதியம் பார்த்தால் ஆள் இல்லை. அழுக்கு விரிப்புக் குவியலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள். பேச்சு வரவில்லை. மறுபடி அந்த இடத்துக்குப் போட்டால் வேலையே போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும், வீட்டுக்கும் தெரியும்.

கிருமி நீக்கும் அறையோ கனத்த கதவு போட்ட அறை. உள்ளே இரண்டே பேர். இயந்திரம் ஒரே சீராக முனகிக்கொண்டிருக்கும். அவளுக்கென்றே கட்டி வைத்த மாதிரி இருந்தது.

இடையில் நின்றது தேர்வு மட்டும்தான். ஏற்கனவே ஒரு முறை போய்விட்டு வந்தாள். தலைக்கு மேலே மின்விசிறி விட்டு விட்டு ‘டிக்’ என்று அடித்தது. அடுத்த ‘டிக்’ எப்போது என்று காத்திருந்ததில் கேள்வி ஒன்றும் தலைக்குள் போகவில்லை. வெள்ளைத்தாளை வெள்ளைத்தாளாகவே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

“பத்தாவது முடிச்ச பிள்ளைங்க எழுதற பரீட்சை. இந்த வயசுல எதுக்கும்மா இந்த வம்பு? கிடைச்சத வெச்சுப் பொழைக்கக் கூடாதா?” என்று கீழ் வீட்டு அம்மா படிக்கட்டில் நின்று கேட்டாள்.

“எனக்குக் கிடைச்சது கவுண்டர். அத நீங்க வெச்சுக்கிறீங்களா?” என்று அவள் கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. அவளுக்குக் கிண்டல் வராது. அந்த அம்மாவுக்கு வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கீழ் வீட்டு அம்மா அதற்குப் பிறகு ஒரு வாரம் பேசவில்லை.

இரண்டாவது தேர்வு நெருங்கியதும் அண்ணன் வீட்டைக் கூட்டி ஒரு முடிவு சொன்னான். பாப்பாவுக்குச் சத்தம்தான் எதிரி. பாப்பா படிக்கிற நேரத்தில் வீட்டில் சத்தமே கூடாது. அன்றைக்கே சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினான். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டான். வண்டியில் அத்தனை பெரிய ஸ்டியரிங்கை வளைக்கிற ஆள், வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திருடன் மாதிரி அடி வைத்து நடந்தான். அம்மா உதட்டை மட்டும் அசைத்து ஜெபம் செய்தாள். அண்ணி மாலையில் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டாள். பகலில் மட்டும் தைத்ததால் துணி மலைபோலக் குவிந்தது. அதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை.

அன்பால் செய்ததுதான். அன்பு சில சமயம் கண்ணை மூடிக்கொண்டு ஓடிவந்து நம் காலையே மிதித்துவிடும். அந்த நிசப்தத்தில் உட்கார்ந்து படிப்பது அவளுக்குக் கவுண்டரை விடக் கொடுமையாக இருந்தது. சத்தமில்லாத வீட்டில் ஒவ்வொரு சின்னச் சத்தமும் கல்லாக வந்து விழுந்தது. குழாய் ஒரு சொட்டுவிட்டு நிறுத்தும். அண்ணன் அடக்கிய இருமல் மூக்கு வழியாக வரும். அடுத்தது எங்கே, எப்போது என்று உடம்பு முழுக்கக் காதாகி நின்றது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எனக்காக எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார்கள், இது வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது என்று நினைத்துச் சொல்லாமலே இருந்தாள்.

பாடப்புத்தகம் வேறு தலையணை மாதிரி தடிமன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மிச்சம் இருக்கிற பக்கங்களின் கனம் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் கத்தியை எடுத்து, முதுகுப் பசையோடு சேர்த்து அறுத்து, புத்தகத்தைப் பாடம் பாடமாகப் பிரித்துப் போட்டாள். ஒரு நேரத்தில் ஒரு பாடம்தான் கண்ணில் படவேண்டும். மற்றதெல்லாம் வேறு அறையில் இருக்கட்டும். சலவைக்கூடத்திலும் அவள் அப்படித்தான். வண்டி நிறைய விரிப்பு வந்து நின்றாலும் அதைப் பார்க்க மாட்டாள். மேஜைமேல் கிடக்கிற ஒன்றைத்தான் பார்ப்பாள்.

நல்ல யோசனைதான். ஆனால் அன்று மாலை அம்மா சமையலறையில் பாத்திர மூடியைக் கை தவறிப் போட்டாள். அந்த நிசப்தத்தில் அது இடி மாதிரி விழுந்தது. பாப்பா மேஜைக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிட்டாள். வேலை முடிந்து வந்த அண்ணன் கண்ணில் இரண்டும் ஒன்றாகப் பட்டன. கீழே தங்கை, மேலே அறுபட்ட புத்தகம்.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. தாள்களை அள்ளி அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். “இனிமே இந்த வீட்ல படிப்புப் பேச்சு வேண்டாம். அவ நல்லா இருந்தா போதும், நான் ஒருத்தன் சம்பாதிக்கிறேன்” என்றான். 

மறுநாள் அவளுக்குப் பேச்சு வரவில்லை. வேலைக்கும் போகவில்லை. தட்டில் சோற்றைத் தனியாகவும் வெந்த உருளைக்கிழங்கைத் தனியாகவும், ஒன்றை ஒன்று தொடாமல் அண்ணி வைத்துக்கொடுத்தாள். பாப்பா அதைச் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அண்ணிக்கு வேறு வழி இல்லை. பள்ளிக்கூடத்தில் சீருடை கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அறை வாசலில் நின்று, “பாப்பா, கொஞ்ச நேரம் பொறுத்துக்க, முடிச்சிடுறேன்” என்று கெஞ்சிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். மெஷின் ஓடத் தொடங்கியது. தகரக்கூரையில் மழை ஒரே சீராக விழுந்தது. கூரைக்குக் கீழே மெஷின் கடகடவென்று ஒரே சீராக ஓடியது.

எட்டுச் சட்டைக்குக் கை வைத்துத் தைத்திருப்பாள். காலருகே ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தால் பாப்பா. மெஷின் மேஜையின் காலில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்தது. அண்ணி கூர்ந்து கேட்டாள். நீராவிப் பாடம். துணி மூட்டையைப் பெட்டிக்குள் எப்படி அடுக்குவது, முதலில் உள்ளே இருக்கும் காற்றை ஏன் வெளியே தள்ள வேண்டும், நனைந்த மூட்டையை ஏன் எடுக்கக்கூடாது என்று வரிவரியாக வந்துகொண்டிருந்தது.

ஆச்சரியத்தில் அண்ணியின் கால் நின்றது. மெஷின் நின்றது. அவள் உதடும் நின்றது.

“நிறுத்தாதீங்க” என்றாள் பாப்பா. அந்த நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

அண்ணி மறுபடி மிதித்தாள். பாடமும் மறுபடி ஓடியது. துணி தீர்ந்தும் அண்ணி நிறுத்தவில்லை. ஒரு கந்தல் துணியை வைத்து அதன்மேலேயே தைத்துக்கொண்டிருந்தாள்.

“அடி பாவி, இந்தச் சத்தம் உனக்குப் புடிக்குமா?”

“இது சத்தம் இல்ல அண்ணி. இது ஓடிக்கிட்டே இருக்கும், எனக்குத் தெரியும். விட்டு விட்டு வர்றதுதான் சத்தம்.”

“அப்ப இத்தன நாளா நான் மெஷினுக்கு உறை போட்டு மூடி வெச்சது?”

“கஷ்டமா இருந்துச்சு.”

“வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?”

“எல்லாரும் எனக்காகப் பண்ணீங்க. வேண்டாம்னு சொன்னா மூஞ்சி மாறும். மாறின மூஞ்சிய எனக்குப் படிக்கத் தெரியாது.”

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாது. “என் மூஞ்சி மாறினா நானே சொல்லிடுறேன், போதுமா? இப்ப கோவம். யார் மேல? என் மேலயே” என்றாள்.

மாலையில் அண்ணன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தபோது தங்கை அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தாள்.

“சாவி குடு அண்ணா.”

“நேத்து உன்ன அந்தக் கோலத்துல பார்த்தேன். என்னால ஆகாதும்மா. புத்தகத்தக் கிழிக்கிற அளவுக்கு ஆகிப்போச்சு. போதும்.”

“கிழிக்கல. பிரிச்சேன். மேஜைக்கு அடியில போனது மூடி விழுந்ததுக்கு. புத்தகத்துக்கு இல்ல. ரெண்டும் வேற வேற. நீ ரெண்டையும் சேர்த்துப் பார்த்துட்ட.”

“எதுவா இருந்தாலும் நீ கஷ்டப்படற இல்ல? எதுக்கு இந்தக் கஷ்டம்? நான் இருக்கேன்.”

“நீ இருக்க. நான் எங்க இருக்கேன்?”

அண்ணன் சாவி இருந்த சட்டைப்பையைப் பொத்திக்கொண்டான்.

“கஷ்டம் எனக்கு எதுலயும் உண்டு அண்ணா. கடைக்குப் போனா கஷ்டம், கல்யாண வீட்டுக்குப் போனா கஷ்டம். இது ஒண்ணுதான் நானாப் பிடிச்ச கஷ்டம். அத எடுத்துக்கிட்டா மிச்சம் எல்லாம் நீங்க குடுத்த கஷ்டம்தான். சாவி குடு.”

அம்மா நாற்காலியிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் மற்ற பிள்ளைகளைப் போல ஆகிவிட வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கடவுளிடம் கேட்டு வந்தவள். ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, “குடுத்துடுடா” என்றாள். “நானும் தப்பாத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன் போல. அவர் காதுல வாங்காததும் நல்லதுக்குத்தான்.”

அண்ணன் சாவியைக் கொடுத்தான். செருப்பு இன்னும் கையிலேயே இருந்தது. “அதக் கீழ போடுங்க, வீட்டுக்குள்ள திருட வந்த மாதிரி இருக்கு” என்றாள் அண்ணி.

அன்றைக்கே அண்ணி தடித்த ஊசியை மாற்றி, சீருடைக்குப் போடுகிற நீலநூலைக் கோத்து, அறுபட்ட தாள்களைப் பாடம் பாடமாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஒரு தையல் போட்டாள். தலையணைப் புத்தகம் மெல்லிசு மெல்லிசான பல புத்தகங்கள் ஆனது. இரண்டு ஊசி உடைந்தது. காகிதம் தைத்தால் மெஷின் கெடும் என்று தனக்குத்தானே புலம்பிக்கொண்டே கடைசிப் பாடம்வரை தைத்து முடித்தாள்.

பிறகு வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. சத்தத்தை அடக்க வேண்டாம், முன்கூட்டிச் சொன்னால் போதும் என்று பாப்பா சொன்னாள். அண்ணன் கதவைச் சாத்துமுன் “கதவு” என்பான். அண்ணி “மிக்ஸி” என்று சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவாள். அம்மா “இருமல்” என்று அறிவித்துவிட்டு இருமுவாள். சில சமயம் அறிவித்துவிட்டு இருமல் வராமல் போகும், “வரல, தள்ளி வெச்சிருக்கு” என்பாள். கரண்டி கேட்க வந்த கீழ் வீட்டு அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு, ஒருத்திக்குத்தான் கோளாறு என்று நினைத்தேன், வீட்டுக்கே பிடித்துக்கொண்டது என்று தெருவில் சொன்னாள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மெஷின் ஓட அவள் படித்தாள். பாபினில் நூல் தீர்ந்தால் எழுந்து கொஞ்சம் நடப்பாள், அண்ணி நூல் சுற்றி மாட்டியதும் வந்து உட்காருவாள். அதற்கு மேல் ஒரு வரிகூடத் தன்னை நெருக்கிக்கொள்ள மாட்டாள். ஒரு பாடம் முடிந்தால்தான் அடுத்த நீலத்தையல். தலைக்குள் நெரிசல் தெரிந்தால் துணியை எடுத்து மடித்துக்கொண்டே சொல்லிப் பார்ப்பாள். கை மடிக்கும்போது மனம் இடறுவதில்லை என்று கண்டுபிடித்திருந்தாள்.

தேர்வுக்கு முன்னால் அவள் தேர்வு அலுவலகத்துக்குப் போனாள். அண்ணனும் கூடப் போனான். சுவரோரம் இடம், இயந்திர அறையில் போடுகிற காது மூடி, கையில் ஒரு துணி, இவ்வளவுதான் அவள் கேட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் வைத்தாள். அதிகாரி அப்படி ஒரு வழக்கம் இங்கே இல்லை என்றார். அண்ணன் உடனே கையைக் கூப்பி, “சார், பாவம் சார் அவ, மனசு வைங்க” என்று ஆரம்பித்தான்.

அவள் அவன் கையைப் பிடித்து இறக்கினாள். “கெஞ்சாத அண்ணா. கேளு.” பிறகு அதிகாரியின் மேஜையைப் பார்த்துப் பேசினாள். “வழக்கம் இல்லன்னா என்னோட ஆரம்பிக்கட்டும் சார். கண்ணாடி போட்டுக்கிட்டு எழுதறவங்கள நீங்க வெளிய அனுப்பறது இல்ல. இது என் காதுக்குக் கண்ணாடி.”

அவர் பார்க்கலாம் என்றார். பார்க்கும்வரை இருக்கிறேன் என்று அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். மறுநாளும் வேலை முடிந்து வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு நீலத்தையல் பாடத்தை எடுத்துப் படித்தாள். சண்டை போடவில்லை, அழவில்லை, நகரவும் இல்லை. கையெழுத்துப் போடாமல் அவரால் மேஜையைப் பூட்டிக்கொண்டு போகமுடியவில்லை.

தேர்வன்று அங்கே ஒரு பணியாளர் அவள் மேஜையைச் சுவரோரம் இழுத்துப் போட்டார். யாரும் சொல்லாமலே, ஆடிய காலுக்குக் கீழே ஒரு அட்டையை மடித்துச் செருகினார். “இப்ப ஆடாதும்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதரின் முகம் அவளுக்கு நினைவில்லை. அந்த அட்டை நினைவிருக்கிறது. கடவுள் சில நாள் அட்டை வடிவத்தில்தான் வருவார்.

எழுத்துத் தேர்வு முடிந்து வாய்மொழித் தேர்வு. எதிரே ஒரு பெண் அதிகாரி. கண்ணாடியை மூக்கில் இறக்கி, “என்னைப் பார்த்துப் பேசும்மா” என்றார்.

“உங்களப் பார்த்தா நீங்க கேக்கறது எனக்குக் கேக்காது மேடம். பாக்கணுமா, பதில் சொல்லணுமா? ஒண்ணு சொல்லுங்க, அதச் செய்யறேன்.”

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.  பிறகு தன் நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டு, தானும் வெளியே பார்த்துக்கொண்டு கேட்டார்:

“மூட்டைய ஏன் இறுக்கி அடுக்கக் கூடாது?”

அவள் கையிலிருந்த துணியை மடிக்கத் தொடங்கினாள். “இறுக்கி அடைச்சா ஆவி உள்ள போக வழி இருக்காது. வெளிய தொட்டா சூடா இருக்கும், எல்லாம் ஆயிடுச்சுன்னு நெனச்சுக்குவோம். நடுவுல இருக்கறத ஆவி தொட்டே இருக்காது. எடம் விட்டு வெச்சாத்தான் கடைசிவரைக்கும் போகும்.”

ஜன்னலைப் பார்த்தபடியே அந்த அம்மாள் தலையாட்டினார்.

முடிவு சலவைக்கூடத்துக்குத்தான் முதலில் வந்தது. மேற்பார்வையாளர் மடிப்பு மேஜைக்கே வந்து சொன்னார். நல்ல மனிதர், சந்தோஷத்தில் வாய் தவறியது. “அப்ப எல்லாம் சரியாப் போச்சு, இப்ப நீ மத்தவங்க மாதிரி ஆயிட்ட” என்றார்.

அவள் ஓரத்தோடு ஓரம் சேர்த்து விரிப்பை மடித்து முடித்தாள். “இல்ல சார். நான் அப்படியேதான் இருக்கேன். பாஸ் பண்ணினது இவதான்” என்றாள். சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள்.

வீட்டில் அவள் சொன்னபோது அம்மா கண்ணை மூடிக் கைகூப்பினாள். அண்ணி தைத்த சட்டையின் கழுத்துப்பட்டையில் பாதித் தையல் ஓடிக்கொண்டிருந்ததால் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே சிரித்தாள். என் மூஞ்சி மாறியிருக்கு பாப்பா, இது சந்தோஷம் என்று தகவல் சொன்னாள். அண்ணன் அப்போதுதான் வேலை முடிந்து படியேறி வந்தான். வாசலிலேயே விஷயத்தைக் கேட்டான். பையைக் கீழே வைத்தான். வாயைத் திறந்தவன் சட்டென்று மூடிக்கொண்டு, தங்கையைப் பார்த்தான்.

“பாப்பா, நான் கத்தப் போறேன்.”

அவள் காது மூடியை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டாள். இரண்டு பக்கமும் சரியாக உட்கார்ந்ததா என்று தொட்டுப் பார்த்தாள். “ம், கத்து” என்றாள்.

தெருமுனைவரை கேட்கும்படி அவன் கத்தினான். கீழ் வீட்டு அம்மா கரண்டியோடு வெளியே ஓடிவந்தாள்.